உங்களுக்குத் தெரியுமா? முட்டை, முயல், குருத்தோலை!

குஷாய்குடா, ஈ.சி.ஐ.எல். பக்கம் குடியிருக்கும் நம்மவர்களே! ஈஸ்டர் என்றால் முட்டையும் முயலும் மட்டும்தான் என்று நினைத்தீர்களா? கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் ஒன்றையொன்று மிஞ்சும் சரக்கு! பிடியுங்கள்!

★ ஈஸ்டருக்குத் தேதி குறிப்பது நிலா! மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. அவ்வளவுதான் கணக்கு!

★ எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று ஆயர்கள் கூடி முடிவெடுத்தது கி.பி. 325-ல், நைசியாவில். 1,700 ஆண்டு ஓடிவிட்டது. மேற்கத்திய சபைகளும் கிழக்கத்திய சபைகளும் இன்றும் பெரும்பாலும் வேறு வேறு ஞாயிற்றில்தான்!

★ மேற்கத்திய ஈஸ்டர் தேதிகளின் வரிசை முழுதாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி அப்படியே தொடங்க எத்தனை வருடம் ஆகும்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 57 லட்சம் ஆண்டுகள்!

★ தவக்காலம் 40 நாள் என்கிறோம். சாம்பல் புதனிலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள், 46 வரும்! ஞாயிற்றுக்கிழமை நோன்புக் கணக்கில் சேராது. ஆறு ஞாயிறு போனால் சரியாக 40!

★ சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் எங்கிருந்து வருகிறது? போன வருடத்துக் குருத்தோலைதான்! குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடித்த இளமஞ்சள் ஓலையைச் சிலுவையாக மடித்துச் சாமி படத்தின் பின்னால் செருகி வைப்பார்கள். காய்ந்து சருகானதும் கோயிலில் வாங்கி எரித்துவிடுவார்கள். பவனி போன ஓலையே மறு வருடம் நெற்றிக்கு வருகிறது!

★ எருசலேமில் பேரீச்ச ஓலை. நம்ம ஊரில் தென்னங்குருத்து. தெலங்கானாவில் ஈச்ச மட்டை!

★ பிரிட்டன் மன்னர்கள் பெரிய வியாழனன்று தானம் செய்யும் வழக்கம் 1210-ல் ஜான் மன்னர் காலத்திலேயே இருந்தது. இன்று ராஜாவுக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் தானம். வயது ஏற ஏறச் செலவும் ஏறும்!

★ கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் அதே வியாழன் இரவு பெசகா அப்பம். அரிசி மாவும் உளுந்தும் உண்டு, ஈஸ்ட் கிடையாது. மேலே குருத்தோலைச் சிலுவை. வீட்டுப் பெரியவர் வெட்டி, மூத்தவரில் தொடங்கி வரிசையாகக் கொடுப்பார். அந்த வருடம் வீட்டில் துக்கம் என்றால் அடுப்பு ஏற்ற மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அப்பம் வந்துவிடும்!

★ பெரிய வியாழன் இரவு முதல் சனி இரவு வரை கத்தோலிக்கக் கோயில்களில் மணி அடிக்காது. மரக்கட்டைச் சத்தம்தான்! பிரான்சில் குழந்தைகள் கேட்டால், மணியெல்லாம் ரோமுக்குப் பறந்து போயிருக்கிறது என்பார்கள். திரும்பி வரும்போது வழியெல்லாம் சாக்லேட் போட்டுக்கொண்டே வருமாம்!

★ நடுவில் சிலுவைக் கீறல் போட்ட புனித வெள்ளி பன். அது ஒரு காலத்தில் கண்டபடி விற்கக் கூடாத பண்டம்! புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், இறுதிச் சடங்கு தவிர மற்ற நாளில் மசாலா ரொட்டி விற்கக் கூடாது என்று 1592-ல் லண்டனில் உத்தரவு. மீறினால் சரக்கு மொத்தமும் ஏழைகளுக்கு!

★ கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் ஈஸ்டர் பன்னுக்குக் கூட்டம் மொய்க்கும் கடை நஹூம்ஸ். 1902-ல் பிறந்தது. தொடங்கியவர் யார் தெரியுமா? பாக்தாத் வழிவந்த யூதர்!

★ முட்டை எப்படி உள்ளே வந்தது? அந்த நாளில் தவக்காலத்தின்போது கறியோடு முட்டைக்கும் தடை. கோழிக்கு அது தெரியுமா? இட்டுக்கொண்டே இருந்தது! பண்டிகையன்று வீடு நிறைய முட்டை!

★ 1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் ஒரு வரி. ஈஸ்டருக்கு 450 முட்டைகள். தங்க ரேக்கு ஒட்டிப் பரிசளிக்க! மொத்தச் செலவு 18 பென்னி!

★ சாயம் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். வெங்காயச் சருகு இரண்டு கை போட்டு முட்டையை வேகவையுங்கள். ஓடு செம்பழுப்பாகிவிடும். ஐரோப்பியப் பாட்டிகளின் கைப்பக்குவம் இதுதான்!

★ 1885-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாண்டர் மனைவிக்குக் கொடுத்த ஈஸ்டர் பரிசு ஒரு வெள்ளை முட்டை. திறந்தால் தங்க மஞ்சள் கரு. அதையும் திறந்தால் தங்கக் கோழி! செய்தவர் நகைக் கலைஞர் ஃபாபெர்ஷே. அரச குடும்பத்துக்கு அவர் பட்டறை செய்து கொடுத்தவை மொத்தம் 50!

★ சாக்லேட் முட்டைக்கு வயது அதிகமில்லை. பிரிட்டனில் ஃப்ரை கம்பெனி முதலில் விற்றது 1873-ல். கேட்பரி இரண்டு வருடம் லேட்!

★ முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றி 1682-லேயே எழுதிவைத்தவர் ஒரு ஜெர்மன் டாக்டர், ஃபிராங்கெனாவ். முட்டையை அளவில்லாமல் தின்றால் வயிற்று வலி வரும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு!

★ ஆஸ்திரேலியாவில் முயலுக்கு மரியாதை கிடையாது. பயிரை மேய்ந்து தீர்த்த எதிரி! அதனால் அங்கே நீளக் காதுள்ள பில்பி என்ற விலங்குக்கும் சாக்லேட் உருவம் உண்டு!

★ அமெரிக்கத் தேவாலயங்களை நிறைக்கும் வெள்ளை ஈஸ்டர் லில்லியின் பூர்வீகம்? ஜப்பானின் ரியூக்யூ தீவுகள்!

★ நார்வேக்காரர்கள் ஈஸ்டருக்குக் கொலைக்கதை படிப்பார்கள்! 1923-ல் ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில், பெர்கன் ரயிலில் கொள்ளை என்று கொட்டை எழுத்து. ஊரே பதறியது. பார்த்தால் நாவல் விளம்பரம்! அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. பால் பாக்கெட்டில்கூட குட்டித் துப்பறியும் கதை!

★ போலந்தில் ஈஸ்டர் திங்களன்று வெளியே போனால் நனையாமல் திரும்ப முடியாது. வாளி வாளியாகத் தண்ணீர்! நம்ம ஹோலி அங்கேயும்!

★ கிரேக்கத்தின் கியோஸ் தீவில் ஈஸ்டர் இரவு இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே ராக்கெட் சண்டை. ஒன்று மற்றதன் மணிக்கூண்டைக் குறிவைக்கும். ஆயிரக்கணக்கில் பறக்கும்!

★ யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தவக்காலத்தில் ராகம் இழுத்துப் படிக்கும் வியாகுலப் பிரசங்கம், உருக்கமான தமிழ். எழுதியவர் தமிழரே இல்லை! 1705-ல் இலங்கைக்கு வந்த கோவா பாதிரியார், யாக்கோமே கொன்சால்வெஸ்!

★ ஈஸ்டர் இரவு ஏற்றும் பாஸ்கா திரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த வருடத்தின் நான்கு இலக்கங்கள் இருக்கும். சிலுவையில் குத்திய ஐந்து சாம்பிராணி மணிகளும் இருக்கும். அவை இயேசுவின் ஐந்து காயங்கள்!

★ தெலுங்கு மண்ணில் பல ஊர்களில் ஈஸ்டர் விடிவது கல்லறைத் தோட்டத்தில்! சமாதியைக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுதிரி ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் சமாதுல பண்டுக!

★ குஷாய்குடாவிலிருந்து சுமார் 100 கி.மீ. போனால் மெதக் பேராலயம். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையும் சோறும் கொடுக்க போஸ்னெட் பாதிரியார் எழுப்பியது. 1914-ல் தொடக்கம், 1924-ல் திறப்பு. கோபுர உயரம் 175 அடி! பிறப்பு, சிலுவை, விண்ணேற்றம் என மூன்று கண்ணாடி ஜன்னல்கள். பகலில் போங்கள். வெயில் பட்டால்தான் வண்ணம் ஒளிரும்!

★ மேற்கத்திய சபைகளின் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னால் வராது. கடைசியாக அன்று வந்தது 1818-ல். மறுபடி 2285-ல்தான், நமக்குக் கொடுத்துவைக்கவில்லை! ஆனால் ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் வராது. அந்தக் கடைசித் தேதியில் 1943-ல் வந்தது. அடுத்து 2038-ல் வரப்போகிறது. காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்!