விசா வரிசையில் முதல் எழுத்து: 'ஏ' யாருக்கு?

நம்ம காலேஜில் எஃப்-1 என்றால் தெரியாதவர் இருக்க முடியாது. ஜிஆர்இ எழுதுபவரைக் கேட்டால் ஐ-20 வரைக்கும் சொல்வார். ஹெச்-1பி லாட்டரி பற்றி மெஸ்ஸிலேயே பட்டிமன்றம் நடக்கும். சரி, எஃப் இருக்கு, ஹெச் இருக்கு, ஜே இருக்கு. அப்போ 'ஏ' எங்கே போச்சு என்று யோசிச்சிருக்கீங்களா?

இந்த எழுத்துகளை யாரும் ராசி பார்த்து வைக்கவில்லை. 1952-ல் வந்த அமெரிக்கக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில், தற்காலிகமாக வருபவர்களை வகை பிரித்து அ, ஆ, இ மாதிரி உட்பிரிவுகளாக எழுதினார்கள். அந்த உட்பிரிவின் எழுத்தே விசாவின் பெயரானது. அதில் முதல் உட்பிரிவு, வெளிநாட்டு அரசுகளின் ஆட்களுக்கு. அதுதான் 'ஏ' விசா.

"நமக்கு எதுக்குங்க இது?" என்று கேட்கலாம். உங்களில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி ஐஇஎஸ், இஸ்ரோ, பொதுத்துறை நிறுவனம் என்று ஏதோ ஒன்றுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. வேலை கிடைத்து, ஒருநாள் "அமெரிக்கா போய்ட்டு வாங்க" என்று ஆர்டர் வந்தால் எந்த விசா? "கவர்ன்மென்ட் ஸ்டாஃப், அதனால ஏ விசா" என்று நினைத்தால் பெரும்பாலும் தப்பு.

மூன்று படிகள்

ஏ-1: தூதர், அமைச்சர், தூதரக மற்றும் துணைத் தூதரக அதிகாரிகள், அவர்களுடைய குடும்பத்தினர்.

ஏ-2: மற்ற அரசு அதிகாரிகளும் ஊழியர்களும். தூதரகத்தில் வேலை பார்க்கும் முழுநேர அரசு ஊழியர், அரசு வேலையாக அனுப்பப்படுபவர், அமெரிக்க ராணுவத் தளத்தில் பணியமர்த்தப்பட்ட வெளிநாட்டு ராணுவத்தினர் எல்லாரும் இதில் வருவார்கள்.

ஏ-3: ஏ-1, ஏ-2 வைத்திருப்பவர்களின் வீட்டுப் பணியாளர்கள், உதவியாளர்கள்.

ஐ.நா. சபைக்கான நம் தூதுக்குழுவில் வேலை செய்பவர்களுக்கு ஏ கிடையாது. அவர்களுக்கும் உலக வங்கி போன்ற சர்வதேச அமைப்புகளின் ஊழியர்களுக்கும் 'ஜி' என்று தனி வகை இருக்கு.

தகுதி எதை வைத்து?

இங்கேதான் எல்லாரும் குழம்புவது. சம்பளம் யார் தருகிறார்கள் என்பது மட்டும் போதாது. மூணு கேள்விக்கும் 'ஆமாம்' என்று பதில் வரணும்.

ஒன்று: உங்களை அனுப்புவது ஒரு நாட்டின் தேசிய அரசா? மாநில அரசு, மாகாண அரசு, மாநகராட்சி எல்லாம் இதில் சேராது. தமிழ்நாடு அரசின் பொதுப்பணித் துறை இன்ஜினியர், துறை வேலையாகவே போனாலும், அவருக்கு பி வகை விசாதான்.

இரண்டு: அங்கே செய்யப்போகும் வேலை அரசுத் தன்மை உடையதா? அதை முடிவு செய்வது அமெரிக்க வெளியுறவுத் துறை. வணிகத் தன்மையுள்ள வேலை என்றால் கிடையாது. பெல், என்எல்சி மாதிரி நிறுவனத்தில் இருந்து, வாங்கப்போகும் ஒரு மெஷினைப் பார்வையிட ஒருத்தர் போகிறார்னு வெச்சுக்கோங்க. நிறுவனத்தில் அரசுக்குப் பங்கு இருக்கு என்பதாலேயே அந்தப் பயணம் அரசுப் பயணம் ஆகிவிடாது. அவர் பி-1-க்குத்தான் விண்ணப்பிக்கணும்.

மூன்று: அந்த வேலைக்காக மட்டும்தான் போகிறீர்களா? டெல்லியில் ஒரு அமைச்சகத்தில் இருக்கும் அதே அதிகாரி, இரு நாட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனால் ஏ-2. ஸ்டடி லீவ் போட்டு எம்.எஸ். படிக்கப் போனால், நம்மை மாதிரியே எஃப்-1. டிஸ்னிலேண்ட் சுற்றப் போனால் பி-2. ஆள் ஒருத்தர், பதவி ஒன்று, விசா மட்டும் மூணு.

இதற்கு ஒரே விதிவிலக்கு, நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும். ஒரு நாட்டுப் பிரதமர் சும்மா ஓய்வெடுக்கப் போனாலும் அவருக்கு ஏ-1தான்.

இதைத் திருப்பியும் பார்க்கணும். தகுதி இருந்தால் ஏ விசாதான் எடுத்தாகணும். தேசிய அரசின் வேலையாகப் போகும் ஒருவர், "என்கிட்ட பத்து வருஷ டூரிஸ்ட் விசா இருக்கே, அதிலேயே போயிடறேன்" என்று கிளம்ப முடியாது.

பாஸ்போர்ட் நிறமும் இதை முடிவு செய்யாது. நம் நாட்டில் தூதர்களுக்கு மெரூன், அரசுப் பணிக்குப் போகிறவர்களுக்கு வெள்ளை, மற்றவர்களுக்கு நீலம். வெள்ளை பாஸ்போர்ட் கையில் இருப்பதால் மட்டும் ஏ விசா வந்துவிடாது.

என்ன கொடுக்கணும்?

முக்கியமான காகிதம் ஒன்றே ஒன்று: அரசு தரும் தூதரகக் குறிப்பு. அனுப்பும் நாடு எழுத்துமூலமாக, அதிகாரபூர்வமாகக் கேட்பது. பெயர், பிறந்த தேதி, பதவி, எங்கே போகிறார், என்ன வேலை, எப்போது, எவ்வளவு நாள், கூட வரும் குடும்பத்தினர் யார் யார் என்று எல்லாம் அதில் இருக்கணும். இதோடு டிஎஸ்-160 படிவம், பாஸ்போர்ட், போட்டோ.

ஏ வகைக்கு விசா கட்டணம் கிடையாது. ஏ-1, ஏ-2-க்குப் பொதுவாக இன்டர்வியூவும் கிடையாது. (காலையிலேயே எழுந்து ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் ஃபைலோடு வரிசையில் நின்ற சீனியர்கள் மன்னிக்கவும்.) 90 நாளுக்குக் குறைவான வேலை என்றால் விசாவிலேயே 'தற்காலிகப் பணி' என்று குறிப்பு போடுவார்கள்.

எவ்வளவு நாள் தங்கலாம்? ஏ-1, ஏ-2-க்குக் கடைசித் தேதி என்று ஒன்று போடுவதில்லை. அந்தப் பதவியில் இருப்பதாக அமெரிக்கா அங்கீகரிக்கும் வரை தங்கலாம். பதவி முடிந்தால் அந்தத் தகுதியும் முடிந்தது. ஏ-3-க்கு முதலில் அதிகபட்சம் 3 வருடம், பிறகு ஒவ்வொரு நீட்டிப்பும் அதிகபட்சம் 2 வருடம்.

ஏ-3: கொஞ்சம் கவனமாகப் படிங்க

மேலே இருக்கிற இருவருக்கும் சட்டம் மரியாதை தருகிறது. மூன்றாமவருக்குப் பாதுகாப்பு தரவேண்டியிருக்கிறது. காரணம் எளிது. மொழி தெரியாத ஊரில், முதலாளி வீட்டிலேயே தங்கி, முதலாளியின் பதவியை நம்பி நிற்கும் விசாவில் ஒருவர் வேலை செய்கிறார். சம்பளம் தரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வார்?

அதனால் ஏ-3-க்கு இன்டர்வியூ கட்டாயம். இருவரும் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் கட்டாயம். அது ஆங்கிலத்தில் இருக்கணும். ஊழியருக்கு ஆங்கிலம் புரியாது என்றால், அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்கணும். சம்பளம், அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி, அந்த ஊரில் அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலி, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 2008-ல் வந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, விசா கொடுக்கும்போதே உரிமைகளைச் சொல்லும் கையேட்டையும் கொடுத்து விளக்கணும்.

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர் கைதானது செய்தியாகி, டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் பெரிய உரசலே வந்தது. ஞாபகம் இல்லையென்றால் வீட்டில் கேளுங்க. அந்த வழக்கின் மையமே இந்த ஒப்பந்தம்தான். விசாவுக்காகக் காட்டிய ஒப்பந்தத்தில் மணிக்கு 9.75 டாலர், கொடுத்ததோ அதைவிட மிகக் குறைவு என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். பிறகு விதிவிலக்கு பெற்று நாடு திரும்பினார். துணைத் தூதரக அதிகாரிக்கு, அலுவல் காரியங்களுக்கு மட்டும்தான் வழக்கில் இருந்து பாதுகாப்பு. முழுத் தூதருக்குக் கிடைப்பது வேறு. இருவர் பாஸ்போர்ட்டிலும் இருப்பது ஏ-1 என்பதைக் கவனிங்க. விசா, நாட்டுக்குள் வர அனுமதி. விதிவிலக்கு, பதவியோடு வருவது. இரண்டும் ஒன்றில்லை.

கடைசியா ஒரு எச்சரிக்கை

"எம்பசி வேலை, கவர்ன்மென்ட் விசா, கட்டணம் மட்டும் கட்டினா போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தால், மேலே படித்ததை வைத்து நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஏ விசாவுக்குக் கட்டணமே கிடையாது. அதைக் கேட்க முடிந்தது ஒரு நாட்டின் அரசுக்கு மட்டும்தான். எந்த ஏஜென்ட்டும் தூதரகக் குறிப்பு எழுத முடியாது. வீட்டு வேலைக்கு என்று கூப்பிட்டாலும், ஒப்பந்தம் எங்கே, எந்த மொழியில், மணிக்கு எவ்வளவு என்று முதலில் கேட்கணும்.

உங்களுக்கு அந்த மெசேஜ் வராமல் இருக்கலாம். ஊரில் அக்காவுக்கோ, பக்கத்து வீட்டு அண்ணனுக்கோ வரலாம். அப்போ இதை எடுத்துச் சொல்லுங்க.