முயல் விரட்ட எந்தத் துப்பாக்கி?

நியூசிலாந்தின் மத்திய ஒடாகோ பகுதியில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவருக்கு முயல் என்றாலே கவலைதான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட முயல்கள் அங்கே பெருகி, ஆட்டுக்கு வேண்டிய புல்லைத் தின்று தரையை மொட்டையடிக்கின்றன. தெற்கு கேன்டர்பரியில் கங்காரு இனத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய வாலபிகளும் இதே வேலையைச் செய்கின்றன. பண்ணைக்காரர் துப்பாக்கி எடுப்பது இதனால்தான்.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் விசையை இழுக்கும்போதெல்லாம் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்ற வேண்டும். முதல் வெடிச்சத்தத்தில் விலங்குக் கூட்டம் சிதறி ஓடிவிடும் என்பதால், பண்ணையில் இந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு.

அதே வேகம் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சின் இரண்டு பள்ளிவாசல்களில் 51 உயிர்களைப் பறித்தது. கொலையாளியிடம் இருந்தது சாதாரண உரிமம். அதிகத் தோட்டா கொள்ளும் மேகசினை உரிமமே காட்டாமல் வாங்கிப் பொருத்த அன்றைய சட்டம் இடம் கொடுத்திருந்தது.

அடுத்த மாதமே நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்கில் பெரும்பாலான அரைத் தானியங்கிகளைத் தடை செய்தது. 50,000-க்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றது. தடையிலிருந்து தப்பியவை முக்கியமாக இரண்டு வகை: பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22 ரிம்ஃபயர் ரைஃபிள். ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளாத, கழற்ற முடியாத குழல் மேகசின் கொண்ட ஷாட்கன்.

இவற்றை வைத்திருக்கச் சாதாரண உரிமம் போதும். அதைப் பெற 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். விண்ணப்பிப்பவரை நன்கு அறிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இடத்தையும் நேரில் பார்ப்பார்கள். முதல் உரிமம் 5 ஆண்டு, பிறகு 10 ஆண்டு. 2023 முதல் துப்பாக்கி ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றும் முறையும் வந்துவிட்டது.

முயலுக்கு .22 பெரும்பாலும் போதும். ஆனால் பெரிய விலங்குகள் கூட்டமாக வரும் இடத்தில் தடை செய்யப்பட்ட வகை தேவைப்பட்டால், உரிமத்தில் ‘பி’ என்ற தனி ஒப்புதல் வாங்க வேண்டும். தீங்கு செய்யும் விலங்குகளைக் கட்டுப்படுத்துவதைத் தொழிலாகச் செய்வோருக்கு 2019-இல் கிடைத்த இந்த வழியை, 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் பண்ணைத் தொழில் நடத்துவோருக்கும் திறந்தது. இந்த வேலைக்கு இந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்று காரணம் காட்டுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதியும் வேண்டும்.

அந்த ஒப்புதலின் ஆயுள் இரண்டரை ஆண்டு. சாதாரண உரிமம் பத்தாண்டு ஓடும்போது இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? பத்தாண்டு உரிமம் ஆளை நம்பித் தரப்படுவது. இது வேலையை நம்பித் தரப்படுவது. வேலை இன்னும் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்டுத்தான் ஆக வேண்டும். 51 பேரைப் பறிகொடுத்த நாடு அப்படிக் கேட்பது நியாயம். பண்ணைக்காரரும் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.