வீட்டுக்கு ஒரு சிபி ரேடியோ: காசை எதில் போடுவது?

அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதைப் படங்களில் பார்த்திருப்பீங்க. அதுதான் சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமாக சிபி. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 40 சேனல்கள். லைசென்ஸ் வேண்டாம், தேர்வும் வேண்டாம். செல்போன் டவர் எட்டாத பண்ணை வீடுகளில் இன்னும் இது உயிரோடு இருக்கிறது. புயலில் டவர் போனாலும் இரண்டு வீடுகள் பேசிக்கொள்ளலாம். அப்படி வீட்டில் நிலையாக வைக்கும் செட்டுக்குத்தான் பேஸ் ஸ்டேஷன் என்று பெயர்.

மேசையில் வைக்கிற பெரிய பேஸ் செட்டுகள் இப்போது பெரும்பாலும் பழைய சாமானாகத்தான் கிடைக்கின்றன. இன்றைக்கு வழி எளிது: வண்டியில் மாட்டும் செட் ஒன்று, கூடவே 13.8 வோல்ட் பவர் சப்ளை. அவ்வளவுதான்.

சரி, எந்த செட்? விலை கூடினால் தூரம் கூடும் என்று நினைக்கிறவங்கதான் அதிகம். அப்படி இல்லை. எஃப்சிசி விதிப்படி ஏஎம்மில் 4 வாட்தான் உச்சவரம்பு. விலை மூன்று மடங்கு ஆனாலும் அதே 4 வாட். கூடுதல் ஆம்ப்ளிஃபையர் மாட்டுவது சட்டவிரோதம். ஆக, செட்டில் பார்க்க வேண்டியது வேறு.

முதலாவது எஸ்எஸ்பி. இதில் உச்சத்தில் 12 வாட் வரை அனுமதி உண்டு. குரல் குறுகிய அலைவரிசைக்குள் அடங்கிவிடுவதால் ஏஎம் கரைந்துபோகிற தூரத்திலும் புரியும். யூனிடன் பேர்கேட் 980, பிரெசிடென்ட் மெக்கின்லி போன்ற செட்டுகளில் இது இருக்கிறது.

இரண்டாவது எஃப்எம். 2021-ல் தான் எஃப்சிசி இதை சிபியில் அனுமதித்தது. பக்கத்து ஊருக்குள் பேச இரைச்சல் இல்லாமல் சுத்தமாக இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் எஃப்எம் செட் வேணும். பழைய செட்டுகளில் கிடையாது.

மூன்றாவது, இரைச்சல். செட்டில் இருக்கும் நாய்ஸ் பிளாங்கர், எஞ்சின் தீப்பொறியின் 'டிக் டிக்' மாதிரியான சத்தத்தை அடக்கத்தான் முக்கியமாக உதவும். வீட்டில் எதிரி வேறு: எல்இடி விளக்கு, மலிவான சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர். ஸ்விட்சிங் வகை பவர் சப்ளையே இரைச்சலைக் கொண்டுவந்து சேர்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் வகை கனமாக இருக்கும், ஆனால் அமைதியாக இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். காசு போக வேண்டியது கூரைக்கு மேலே. ஒரு கணக்கு பாருங்க: மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் இழுத்தால் சுமார் 2.5 டெசிபல் இழப்பு. 4 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 2.2 வாட் போல. தடித்த எல்எம்ஆர்-400 என்றால் 3.4 வாட் சேரும். நீங்கள் கேட்கும் பக்கத்திலும் இதே இழப்புதான்.

ஆன்டெனாவுக்கு அரை அலை நீளம் கொண்ட ஃபைபர் கம்பம், கிட்டத்தட்ட 5.5 மீட்டர், போதும். உயரமாக நிறுத்துங்கள். விதிப்படி தரையிலிருந்து 18.3 மீட்டர் வரை, அல்லது அது நிற்கும் கட்டடத்துக்கு மேல் 6.1 மீட்டர் வரை போகலாம். மாட்டியதும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் பாருங்க: 1.5-க்குக் கீழே நல்லது, 3-ஐத் தாண்டினால் பேசாதீங்க, செட் கெடும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. கம்பத்தைத் தூக்கும்போது மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் அங்கே சிபி ஆன்டெனா பெட்டிகளில் எச்சரிக்கை கட்டாயம். ஆன்டெனா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது. கம்பத்தோடு சேர்த்து அதன் மொத்த நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விடுங்க. எர்த் கம்பியும் அவசியம்.

200 டாலர் கையில் இருந்தால் சாதாரண ஏஎம் செட்டை வாங்கி, மிச்சத்தைக் கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் போடுங்க. எஸ்எஸ்பி செட்டை அடுத்த வருஷம்கூட வாங்கலாம். மேலே சொன்னது அமெரிக்க விதி. வேறு நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.