சாலைக்கு அடியில் ஒரு வழி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பல நூறு மைல் கடந்து வந்து குடியேறிய நமக்கு, ஊர் திரும்பும் வழி அடைபடுவது எத்தகைய துன்பம் என்று எவரும் விளக்க வேண்டுவதில்லை. அத்தகைய அடைப்பை நீக்க அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் நெடுநாளாக நடந்துவரும் முயற்சி ஒன்றை இம்மாதம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அங்கே ஊர் திரும்ப இயலாமல் தவிப்பவை சால்மன் மீன்கள்.

பசிபிக் மாகடலை ஒட்டியது வாஷிங்டன் மாநிலம். அந்நாட்டின் தலைநகரான வாஷிங்டன் வேறு. அது மறுகோடியில் உள்ளது. இம்மாநிலத்தின் ஓடைகளில், கூழாங்கற்களுக்கு இடையே இடப்பட்ட முட்டையிலிருந்து சால்மன் பிறக்கிறது. சிறிது காலம் நன்னீரில் வளர்ந்து கடலுக்குச் செல்கிறது; அங்கே பருத்து முதிர்ந்ததும், நீரின் மணத்தைத் துணையாகக் கொண்டு, தான் பிறந்த ஓடையையே தேடி மீள்கிறது. வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, முட்டையிட்டபின் உயிர் நீக்கிறது.

இந்த வழியின் குறுக்கே நெடுஞ்சாலைகள் வந்தன. ஓடை குறுக்கிடும் இடந்தோறும் பாலம் கட்டினால் செலவு மிகும். ஆகவே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் இரும்பு அல்லது கான்கிரீட் குழாயைப் பதித்து, மேலே சாலையை அமைத்தனர். நம் நாட்டுச் சாலைகளிலும் நாம் காணும் குழாய் மதகுகளே இவை. நீர் வடிந்துவிடும்; ஆனால் மீன் ஏற முடியாது. குறுகிய குழாயினுள் நீர் கடுவிசையுடன் பாய்கிறது. இளைப்பாற ஒரு கல்லோ குழியோ அங்கு இல்லை. மறுவாயில் நீர் விழுந்து விழுந்து தரை அரிக்கப்பட, நாளடைவில் குழாயின் வாய் அந்தரத்தில் நிற்கிறது. ‘சம்’ என்னும் இனம் தாவும் வலிமை குறைந்தது. ‘கோஹோ’ இனத்தின் குஞ்சுகளோ ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வாழ்ந்து, மாரிக்காலத்தில் சிறு கிளையோடைகளில் ஒதுங்குபவை. சில அங்குல உயரமும் அவற்றுக்கு மதிலாகும்.

இதனால் துன்புற்றவை மீன்கள் மட்டும் அல்ல. 1854, 1855 ஆம் ஆண்டுகளில் அங்குள்ள பழங்குடி மக்கள் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸுடன் உடன்படிக்கைகள் செய்துகொண்டனர். தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, வழக்கமான துறைகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் காத்துக்கொண்டனர். அவ்வுரிமை பிற்காலத்தில் மதிக்கப்படவில்லை. நிஸ்குவாலி குலத்தவரான பில்லி பிராங்க் 1945இல், தமது 14ஆம் வயதில், மீன் பிடித்ததற்காகக் கைது செய்யப்பட்டார். பின்னர் 50 முறைக்கு மேல் கைதானார். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பெறும் உரிமை பழங்குடிகளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்.

மீனே ஏறி வராவிட்டால் பாதி உரிமையால் பயன் என்ன? இக்கேள்வியுடன் 2001இல் 21 பழங்குடிகள், மத்திய அரசும் துணை நிற்க, மதகுகளைக் குறித்து மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2007இல் நீதிபதி ரிக்கார்டோ மார்ட்டினெஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். மாநில நெடுஞ்சாலை மதகுகளால் அடைபட்ட மேலோடை வாழிடத்தில் 90 விழுக்காட்டை 2030க்குள் திறந்துவிட வேண்டும் என்று 2013இல் ஆணை பிறந்தது. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரியவே, கீழ்த் தீர்ப்பு நிலைத்தது.

எனினும் ஆணை கட்டுப்படுத்தியது மாநிலத்தின் சாலைகளை மட்டுமே. ஓடையோ அத்தகைய எல்லைகளை அறியாது. ஒரே ஓடையை மாநில நெடுஞ்சாலையும், மாவட்டச் சாலையும், நகரத் தெருவும், ரயில் பாதையும், தனியார் காட்டுப் பாதையும் கடக்கலாம். ஐந்தில் நான்கைத் திறந்து, கடலுக்கு அருகிலுள்ள ஒன்றை மூடி வைத்தால், மேலுள்ள நான்கும் வீணே. மற்றவர்களின் தடைகள் இருப்பதால் தன் தடையை நீக்கிப் பயனில்லை என்று மாநிலம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லோரும் மற்றவரைச் சுட்டிக்கொண்டிருந்தால் எவர் தொடங்குவது?

தொடங்கியபின் கைகோத்தல் வேண்டும். தனியார் காட்டுப் பாதைகளுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே இக்கடமையை விதித்திருந்தது. 2014இல் மாநிலச் சட்டமன்றம் மீன்தடை நீக்க வாரியம் ஒன்றை அமைத்தது. மீன்வளத் துறை, போக்குவரத்துத் துறை, மாவட்டங்கள், நகரங்கள், பழங்குடிகள் ஆகியோரின் பிரதிநிதிகள் அதில் ஒன்றாக அமர்கின்றனர். ஓர் ஆற்றுப்படுகையின் தடைகளைத் தொடர்ச்சியாக நீக்க வழி வகுப்பது அதன் பணி. புதிய அமைப்புகள் ஓடையைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு: ஓடையின் அகலத்தை 1.2 ஆல் பெருக்கி 2 அடி கூட்டவேண்டும். அதன்படி 10 அடி ஓடைக்கு 14 அடி அகலம் தேவை. உள்ளே கல்லும் மணலும் இயற்கைபோல் பரப்பப்படுகின்றன.

செலவு சிறிதன்று. 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நாடெங்கும் இத்தகைய பணிக்கு ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. மறு ஆண்டில் வாஷிங்டன் மாநிலம் 240 கோடி டாலர் ஒதுக்கியது. பணத்தை மீனுக்கு மிகுந்த நன்மை தரும் இடங்களில் முதலில் செலவிடலாகாதா என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்விதான். வேலையை முறைப்படுத்த அது உதவட்டும். நிறுத்துவதற்குக் காரணமாகிவிடக் கூடாது என்பதே நம் கருத்து.

கங்கைக் கரையில் வாழும் நம்மவர் இதை எட்டாத தேசத்துக் கதையாகக் கருத மாட்டார்கள். வங்காளத்தார் இலிஷ் என்று போற்றும் மீனும் கடலிலிருந்து ஆறேறி வருவதே. முன்னாளில் அலகாபாத்துக்கும் அது வந்தது. 1975இல், சாலையையும் ரயில் பாதையையும் தாங்கி நிற்கும் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின், மேலாற்றில் அதன் வரவு மிகவும் அருகிவிட்டது. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அணைக்கு மேலே அம்மீன்களைக் கொண்டுபோய் விட்டு வருகின்றனர். நல்ல பணி, ஆயினும் மீன் தானே ஏறி வரும் வழிக்கு அது ஈடாகாது. அவ்வழியைத் திறக்க, கரையிலுள்ள மாநிலங்களும் அண்டை நாடான வங்கதேசமும் ஒருமனப்பட வேண்டும். ஒரு சிற்றோடைக்கே இத்தனை பேர் கூடவேண்டியிருக்க, கங்கைக்கு எத்தனை பேர் கூடவேண்டும்! கூடுதல் அரிது; ஆனால் கூடினால் வழி திறக்கும் என்பதற்கு அந்த வடமேற்கு மூலை சான்று பகர்கின்றது.