உங்களுக்குத் தெரியுமா? சிவகாசிக்கு மிக அருகிலுள்ள மனநலப் படுக்கை எங்கே?

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அனுமதிக்கப்பட்ட படுக்கைகள் 1,800. சிவகாசியிலிருந்து தூரமோ 500 கிலோமீட்டருக்கும் மேல்! நள்ளிரவில் மனம் கலங்கித் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பட்டாசுத் தொழிலாளியை அவ்வளவு தூரம் கொண்டுபோக எந்தக் குடும்பத்தால் முடியும்? அருகில் இருக்கும் பெரிய புகலிடம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கோ பல மாவட்டத்து நோயாளிகள்.

படுக்கை எட்டாதபோது என்ன நடக்கும் என்பதை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. பலருக்கும் தெரியாத இன்னொரு பிரிவும் அதில் உண்டு: சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மனநல சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-இல்.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022 ஜனவரியில்தான். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.