வெள்ளவத்தைத் தோசை: ஒரு பெயர், இரண்டு மா

உழுந்தையும் ஒரு தானியத்தையும் ஊறவைத்து அரைத்து, புளிக்கவிட்டு, சூடேறிய கல்லில் வார்த்தெடுக்கும் உணவே தோசை என்று சொன்னால் வரைவிலக்கணம் முடிந்துவிடும். ஆனால் கொழும்பில் அந்த வரைவிலக்கணத்துக்குள் நிறத்திலும் மணத்திலும் தடிப்பிலும் ஒன்றையொன்று ஒவ்வாத இரண்டு பண்டங்கள் அடங்கியிருக்கின்றன. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சைவக் கடைகளில் கிடைப்பது அரிசியும் உழுந்தும் சேர்ந்த, விளிம்பு மொறுமொறுத்த, சாம்பாரும் சட்னியும் துணைவரும் தென்னிந்தியத் தோசை. அதே கடைகளுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளின் மாடிக் குடியிருப்புகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் அடுப்பில் வார்க்கப்படுவதோ உழுந்தோடு அவித்த கோதுமை மாவைக் கரைத்து, மஞ்சள் சேர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிய, மெத்தென்ற மஞ்சள் தோசை. இரண்டாவதை அரிசிக்கு வழியில்லாத காலத்தின் ஒப்பேற்றல் என்று தள்ளிவிடும் வழக்கம் உண்டு. தோசை மாவுக்குள் இரவு முழுவதும் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிலைக்காது.

இந்திய உணவின் தோற்றத்தைத் தேடிய எழுத்தாளர்களுள் முதலில் வைத்து எண்ணப்பட வேண்டியவர் கே.டி. அச்சயா. எண்ணெய் வித்துகளை ஆராய்ந்த வேதியியலாளரான இவர், பழைய இலக்கியங்களிலும் பயணிகளின் குறிப்புகளிலும் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி, இந்திய உணவின் வரலாற்றுத் துணைநூல் ஒன்றை 1994இல் வெளியிட்டார். கி.பி. 920 அளவில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூலில் இட்டலியின் முன்னோடியான ‘இட்டலிகெ’ வருகிறது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றுவித்த மானசோல்லாசத்தில் ‘தோசக’ வருகிறது. இந்தப் பழைய பண்டங்கள் உழுந்து மாவினால் ஆனவை என்பதையும், இன்றைய இட்டலிக்கு உயிரான அரிசியும் நீண்ட நேரப் புளிப்பும் அந்தக் குறிப்புகளில் காணப்படவில்லை என்பதையும் அச்சயா சுட்டிக்காட்டினார். புளிக்கவைக்கும் முறை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று அவர் கருதியது இன்றும் விவாதத்துக்குரிய ஊகமே. ஆனால் உழுந்து மூத்தது, தானியம் பின்னால் வந்து சேர்ந்தது என்ற வரிசை இக்கட்டுரைக்கு முக்கியமானது; உழுந்து நிலையாக இருக்க, அரிசி, ரவை, குரக்கன், கோதுமை என்று துணைத் தானியம் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

கொழும்பில் 1930இல் பிறந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய உணவு எழுத்தாளர் சாமெய்ன் சொலமன், 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலில் இந்தியாவையும் இலங்கையையும் தனித்தனிப் பகுதிகளாக வைத்தார். நூலுக்கு அது வசதியான பிரிப்பு. தோசைக்கு அது பொருந்தாது. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் அதன் இரு கரையிலும் காத்திருந்த புகைவண்டிகளும் சென்னையையும் கொழும்பையும் ஒரே பயணச்சீட்டில் இணைத்தன. 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழியாக வணிகரும் தொழிலாளரும் அவர்களோடு சமையற்காரரும் வந்துபோயினர். துறைமுகத்தை அண்டிய செட்டியார் தெருவும், பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கொண்ட கொட்டாஞ்சேனையும் இந்தியத் தொடர்பு மிகுந்த பகுதிகளாக வளர்ந்தன. கொழும்பின் பழைய சைவக் கடைகள் பல ‘லொட்ஜ்’ என்ற பெயரைத் தாங்கியிருப்பதும் தங்குமிடமும் சாப்பாடும் ஒன்றாக இருந்த அந்தக் காலத்தின் எச்சம். வெள்ளவத்தையின் வரலாறு வேறு: அரச உத்தியோகத்துக்காக வந்த யாழ்ப்பாணத்தார் அங்கே குடியேறினர், 1983 யூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட பின்னரும், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மறுபடி அங்கேயே வந்து நிறைந்தன. இரண்டு தோசைகள் ஒரே நகரத்தில் அடுத்தடுத்து நிற்பதற்கு இந்த இரண்டு வருகைகளே காரணம்.

இனி மாவுக்குள் நடப்பது. உழுந்தைக் கழுவி நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஊறவைக்கும்போது பருப்பு நீரை உறிஞ்சிப் பருக்கிறது. அதோடு ஒரு கரண்டி வெந்தயமும் ஊறும். பருப்பின் மேற்பரப்பில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் பற்றீரியாக்கள் இந்த ஈரத்தில் விழித்துக்கொள்கின்றன. இவற்றுள் முதன்மையானது லியூக்கோனொஸ்டொக் மெசென்டெரோயிடெஸ் என்னும் லக்டிக் அமிலப் பற்றீரியா ஆகும். மாவிலுள்ள சிறிதளவு வெல்லத்தை உண்டு லக்டிக் அமிலத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் ஒருங்கே வெளியிடுவது இதன் இயல்பு. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைப் பொங்க வைக்கிறது. பாண் மாவைப் பொங்கச் செய்வது மதுவம். தோசை மாவில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது இந்தப் பற்றீரியாவே என்பது 1960களின் ஆய்வுகளில் தெளிவாயிற்று. அமிலம் கூடக்கூடக் கெடுதி செய்யும் நுண்ணுயிர்கள் ஒதுங்குகின்றன, பி.எச். எனப்படும் அமில அளவீடு 4.5 அளவுக்கு இறங்கும்போது மா சரியான பதத்துக்கு வந்திருக்கும். கைராசியுள்ளவர் கரைத்தால்தான் மா பொங்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே அதிக இடமில்லை. பருப்போடு வந்த பற்றீரியாவே போதும். கைராசிக்காரரின் உண்மையான திறமை தண்ணீரின் அளவை அறிந்திருப்பதில் இருக்கிறது.

வாயு உண்டாவது பாதி வேலைதான். அது வெளியேறிவிடாமல் மாவுக்குள் தங்க வேண்டும். உழுந்தின் தனிச்சிறப்பு இந்த இடத்தில் வெளிப்படுகிறது. உழுந்தை அரைக்கும்போது விரலில் வழுவழுப்பாக ஒட்டும் பசை, அரபினோகலக்டன் என்னும் சங்கிலிபோன்ற மாச்சத்துச் சேர்மம். நீரை இறுகப் பிடித்து மாவைத் தடிக்கச் செய்வது அதன் வேலை. குளோபியூலின் வகைப் புரதங்கள் ஒவ்வொரு வாயுக் குமிழையும் சுற்றி மெல்லிய தோலாகப் படிகின்றன. குமிழ் உண்டாகிறது, தோல் அதை மூடுகிறது, பசை அதை மேலெழவிடாமல் தாங்குகிறது. வெந்தயம் தன்னிலுள்ள கலக்டோமன்னன் என்னும் பசையால் இதற்குத் துணை நிற்பதோடு, வார்த்த தோசைக்கு நிறமும் தருகிறது. பச்சைப் பயற்றையோ கடலையையோ இப்படி அரைத்தால் மா புளிக்கும், ஆனால் இந்த அளவுக்கு நுரை நிற்காது. அரைத்த உழுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது மிதந்தால் பதம் சரி என்று வடைக்கு அரைப்பவர்கள் சோதிப்பது, காற்று எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பதை அளக்கும் ஒரு முறையே.

கோதுமையின் கதை இதன் பிறகே விளங்கும். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோக, பங்கீட்டில் கோதுமை மா வீடுகளுக்குள் நுழைந்தது. போருக்குப் பின்னும் மலிவான மாவும் பாணும் நிலைத்தன. 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் அது நாட்டின் அன்றாட உணவாகவே ஆயிற்று. ஆனால் கடையில் வாங்கிய கோதுமை மாவை அப்படியே உழுந்தோடு கரைத்தால் தோசை தோல்போல் இழுபடும். கோதுமையிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இரண்டு புரதங்கள் நீரில் கலந்தவுடன் பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் இறப்பர் போன்ற வலையை உண்டாக்குவதே இதற்குக் காரணம். பாணுக்கு வரமாக இருப்பது தோசைக்குச் சாபமாகிறது.

யாழ்ப்பாணச் சமையலறை இதற்குக் கண்ட வழி மாவை அவிப்பது. மாவைத் துணியில் தளர முடிந்து, நீர் படாமல் ஆவியில் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்து, கட்டிப்பட்டு வந்ததைச் சூடு ஆறுமுன் உடைத்து, அரிதட்டில் அரித்து எடுக்கிறார்கள். ஆவியின் வெப்பத்தில் அந்தப் புரதங்கள் தம் வடிவம் குலைந்து, பின்னிக்கொள்ளும் ஆற்றலைப் பெரும்பாலும் இழக்கின்றன. ஆனால் நீர் போதாமையால் மாப்பொருள் மணிகள் கஞ்சியாகிவிடாமல் பொடியாகவே நிற்கின்றன. அதாவது, கோதுமையிலிருந்து கோதுமையின் குணத்தை மட்டும் கழித்து, அதை அரிசி மாவைப்போல அடங்கி நடக்கும் பொருளாக மாற்றிவிடுகிறார்கள். உணவுத் தொழிற்சாலைகளில் வெப்பமூட்டிய மா என்று தனியாகத் தயாரிக்கப்படுவதன் தத்துவமும் இதுவே. ஏறக்குறைய ஒரு பங்கு உழுந்துக்கு இரண்டு பங்கு அவித்த மா என்பது வழக்கிலுள்ள அளவு. சிலர் ஒரு பிடி அரிசியையும் சேர்த்து அரைப்பார்கள். தென்னிந்தியத் தோசையில் உழுந்து ஒன்றுக்கு அரிசி மூன்று அல்லது நான்கு என்று போவதோடு இதை ஒப்பிட்டால், மலிவுக்காகச் செய்த ஒப்பேற்றல் என்று சொல்லப்படும் தோசையில்தான் விலைகூடிய உழுந்தின் பங்கு அதிகம் என்பது தெரியவரும்.

தாளிதம் சேர்க்கும் வேளையும் கவனிக்கத்தக்கது. சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி மாவில் கொட்டுவது மா பொங்கி முடிந்த பின், வார்ப்பதற்குச் சற்று முன்னர்தான். எண்ணெய் நுரையைக் கலைக்கும் இயல்புடையது என்பதால், முதல்நாள் இரவே கொட்டினால் காலையில் சட்டிக்குள் மா அமுங்கிக் கிடக்கும். புளிப்பின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. கொழும்பின் கடற்கரை வெக்கையில் மாலை ஆறு மணிக்குக் கரைத்த மா மறுநாள் விடியலுக்குள் வழியத் தயாராகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் அதே மா மதியம் வரை சோம்பிக் கிடக்கும்.

அரைக்கும் பொறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுழற்றி அரைத்த காலத்தை முடித்துவைத்த கிரைண்டர், கோயம்புத்தூரில் 1955 அளவில் பி. சபாபதி என்பவரால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. கருங்கல் மெல்லச் சுழல்வதால் உழுந்து வெட்டுப்படாமல் நசுங்குகிறது, காற்றும் உள்ளே மடிக்கப்படுகிறது. வேகமாகச் சுழலும் பிளெண்டர் கத்தியோ மாவைச் சூடாக்குகிறது. சூடேறிய உழுந்தில் நுரை குறையும் என்பதால்தான் குளிர்ந்த நீர் ஊற்றி அரைக்கச் சொல்கிறார்கள்.

கடைத் தோசைக்கல்லின் முன் நிற்பவரைக் கவனித்தால் ஒவ்வொரு தோசைக்கும் முன்னர் அவர் கல்லில் தண்ணீரைத் தெளித்து, ஈர்க்கு விளக்குமாற்றால் வழிப்பதைக் காணலாம். தெளித்த துளிகள் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். துளிக்கும் கல்லுக்கும் இடையே தோன்றும் நீராவிப் படலம் அதைத் தாங்கி நிற்கிறது. அந்த நிலையில் மாவை ஊற்றினால் அடிப்பக்கம் உடனே இறுகி, பரப்பும் கிண்ணத்தோடு சுருண்டு வந்துவிடும். தண்ணீர் மேற்பரப்பைக் கணநேரம் தணிக்க, அந்த இடைவெளிக்குள் கை நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகச் சுழன்று மாவை மெல்லிதாக இழுக்கிறது. பின்னர் கல் மறுபடி சூடேறும்போது வாயுக் குமிழ்கள் வெடித்துக் கண்கள் விழுகின்றன. வெல்லமும் புரதச் சிதைவுகளும் வெப்பத்தில் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. வீட்டு மஞ்சள் தோசைக்கு இந்த வித்தை தேவையில்லை. அகப்பையால் தடிப்பாக ஊற்றி, நல்லெண்ணெய் விட்டு, மூடிவைத்து, ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும். அதற்கு ஏற்ற துணை சாம்பார் அல்ல, செத்தல் மிளகாய் சேர்த்து அரைத்த தேங்காய்ச் சம்பல்.

உழுந்து இல்லாவிட்டால் என்னவாகும் என்பதைக் கொழும்பு 2020இல் கண்டது. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக அரசு உழுந்து, பயறு, மஞ்சள் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது, வவுனியா போன்ற மாவட்டங்களின் விளைச்சல் தேவைக்குப் போதாமல் உழுந்தின் விலை பல மடங்கு ஏறியது. உழுந்தைக் குறைத்து அப்பச்சோடாவைக் கூட்டுவது அத்தகைய வேளையில் எவருக்கும் தோன்றும் வழி. சோடா வாயுவைக் கொடுக்கும், ஆனால் அதைப் பிடித்துவைக்கும் பசையைக் கொடுக்காது. மா பொங்குவதுபோல் பொங்கிக் கல்லில் தட்டையாகும், நாக்கில் சோடாவின் சவர்ச்சுவை எஞ்சும்.

வெள்ளவத்தைக்குச் செல்பவர்களுக்கு ஒரு சொல்: மஞ்சள் தோசையை உண்ண விரும்பினால் பெரிய கடைகளின் பட்டியலில் தேடுவதைவிட, வீட்டில் சமைத்து விற்பவர்களிடம் கேட்பது நல்லது. முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்; மா புளிக்க ஓர் இரவு செல்லும்.