தோற்பவருக்குப் போட்ட ஓட்டு வீணா?

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடையிலும் ஆவடி மார்க்கெட்டிலும் பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “அந்த ஆளு நல்லவர்தான். ஆனா ஜெயிக்க மாட்டாரே! அவருக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும். ஜெயிக்கிறவங்களுக்குப் போடு.” வீட்டுப் பெரியவர் சொல்வார், ஷிப்டில் கூட வேலை பார்ப்பவர் சொல்வார், வாசலுக்கு வரும் கட்சிக்காரரும் சொல்வார். முதல் முறை ஓட்டுப் போடும் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டே மனதை மாற்றிக்கொள்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். யோசித்து, விரும்பிப் போடும் எந்த ஓட்டும் வீணாவதில்லை. ஆனால் சில சமயம் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். உண்மையிலேயே வீணாகும் ஓட்டுகள் வேறு இருக்கின்றன. நம் கவலையெல்லாம் அவற்றின் மேல் இருக்க வேண்டும்.

ஒரு ஓட்டு அதிகம் வாங்கினால் வெற்றி

நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்தவரைவிட ஒரு ஓட்டு கூட வாங்கினால் போதும். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில்தான் தோற்றார்.

முடிவை மாற்றாத ஓட்டெல்லாம் வீண் என்றால், வென்றவருக்கு விழுந்த ஓட்டிலும் பெரும்பகுதி வீண்தான். 2021-இல் பூந்தமல்லியில் தி.மு.க.வின் ஆ. கிருஷ்ணசாமி 94,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்குப் போட்டவர்களில் 94,000 பேர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தாலும் அவர்தான் எம்.எல்.ஏ. அந்த 94,000 பேரின் ஓட்டை யாராவது வீண் என்று சொல்கிறோமா? தோற்றவருக்குப் போட்டவரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

ஆவடி சொல்லும் இன்னொரு பக்கம்

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ஆவடியில் அ.தி.மு.க.வின் மாஃபா பாண்டியராஜன் 1,08,064 ஓட்டு வாங்கினார். தி.மு.க.வின் சா.மு. நாசர் வாங்கியது 1,06,669. வித்தியாசம் 1,395. பாண்டியராஜனுக்குப் போட்டவர்களில் 698 பேர் நாசருக்கு மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். ஒரு பூத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர்களைவிடக் குறைவான எண்ணிக்கை இது.

அந்தத் தேர்தலில் பா.ம.க., மக்கள் நலக் கூட்டணி, பா.ஜ.க., நாம் தமிழர் என்று மாநிலம் முழுக்கப் பலமுனைப் போட்டி. ஆவடியில் மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த ஓட்டுகள் அந்த 1,395-ஐப் போலப் பல மடங்கு. “இவர் மட்டும் வந்துவிடவே கூடாது” என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது ஆளுக்குப் போட்ட ஒருவர், முடிவு வந்த அன்று வருத்தப்பட்டிருக்கலாம். நான் சொன்ன விலை இதுதான். போட்டி நெருக்கமாக இருந்து, முன்னணியில் உள்ள இருவரில் ஒருவரைத் தடுப்பதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால், இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனமான முடிவு. கொள்கையை விட்டுவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

ஆனால் போட்டி நெருக்கமா, இல்லையா என்று ஓட்டுப் போடும்போது யாருக்குத் தெரியும்? அதே ஆவடியில், அதே இருவர் 2021-இல் மறுபடி மோதினார்கள். நாசர் 55,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

“இவர் ஜெயிக்க மாட்டார்” என்ற கணிப்பும் பொய்க்கும். 2016-இல் மக்கள் நலக் கூட்டணியைப் பலரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டணிக்கு ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் காட்டுமன்னார்கோவிலில் அந்த அணியின் வேட்பாளர் தொல். திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டில். ஓட்டு வீணாகிவிடும் என்று பயந்து வேறு பக்கம் போட்டவர்கள் அந்தத் தொகுதியில் நூறு பேராவது இருந்திருக்க மாட்டார்களா?

தோற்ற ஓட்டு என்ன ஆகிறது?

எண்ணி முடித்ததும் படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளைத் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கிறார். ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கட்டம், நோட்டாவுக்கு ஒரு கட்டம். 11 ஓட்டு வாங்கியவரின் 11-ம் அதில் ஏறுகிறது. அடுத்த தேர்தலில் எந்தத் தெருவில் வேலை செய்வது, யாரோடு கூட்டணி பேசுவது, யாருக்கு எத்தனை சீட் கொடுப்பது என்று கட்சிகள் இந்தத் தாளை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. நீங்கள் தோற்றவருக்குப் போட்ட ஓட்டை, ஜெயித்த கட்சியும் உட்கார்ந்து படிக்கிறது.

சட்டமும் இந்த ஓட்டுக்கு மதிப்புக் கொடுக்கிறது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தால் தோற்ற வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும். சட்டமன்றத்துக்கு அந்தத் தொகை 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பெரிய கட்சிக்கு இது சில்லறைப் பணம். சொந்தக் காசில் நிற்கும் ஒருவருக்கு அப்படியில்லை.

ஒரு தொகுதிகூட ஜெயிக்காவிட்டாலும், மாநிலத்தில் பதிவான செல்லத்தக்க ஓட்டில் 8 சதவீதம் வாங்கிய கட்சிக்குத் தேர்தல் ஆணையம் மாநிலக் கட்சி அங்கீகாரம் தருகிறது. நாம் தமிழர் கட்சிக்கு 2016-இல் கிடைத்தது ஒரு சதவீதம் சொச்சம். 2024 மக்களவைத் தேர்தலின்போது அதன் கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போய்விட, ஒலிவாங்கி சின்னத்தில் நின்றது. ஒரு இடமும் கிடைக்கவில்லை. ஆனால் 8 சதவீதத்தைத் தாண்டியது, அங்கீகாரமும் பெற்றது. அங்கீகாரம் கிடைத்தால் மாநிலம் முழுக்க ஒரே நிலையான சின்னம் உண்டு. வேட்புமனுவில் பத்துப் பேர் முன்மொழிய வேண்டிய இடத்தில் ஒருவர் போதும். அந்தக் கட்சியைப் பிடிக்கிறதோ இல்லையோ, தோற்ற இடங்களில் விழுந்த ஓட்டெல்லாம் சேர்ந்துதான் இதைக் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தே.மு.தி.க. 2006-இல் 8 சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஒரே தொகுதியில்தான் ஜெயித்தது. அப்படிச் சேர்த்த ஓட்டு பலத்தைக் காட்டித்தான் 2011-இல் கூட்டணியில் இடங்களைக் கேட்டு வாங்கியது. 29 பேர் ஜெயித்தார்கள், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். தி.மு.க.வே 1957-இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது கிடைத்தது 15 இடங்கள். பத்தே ஆண்டில் ஆட்சி. இலங்கையில் அநுர குமார திசாநாயக்க 2019 அதிபர் தேர்தலில் வாங்கியது 3 சதவீதம் சொச்சம், 2024-இல் அதிபரானார். அங்கே வாக்காளர் முதல் விருப்பம், அடுத்த விருப்பம் என்று மூன்று பேர் வரை எண் போடலாம். ஓட்டு வீணாகுமோ என்ற பயத்துக்கு அது ஒரு மருந்து. நம் நாட்டில் அப்படியொரு முறை குடியரசுத் தலைவர், மாநிலங்களவைத் தேர்தல்களில் உண்டு. நாம் பூத்துக்குப் போய்ப் போடும் தேர்தலில் இல்லை.

நோட்டா என்ன செய்யும்?

உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் அளித்த தீர்ப்பால் வந்தது நோட்டா. அதிருப்தியைப் பதிவு செய்யும், உங்கள் பெயரில் வேறு யாரும் ஓட்டுப் போட முடியாமல் தடுக்கும். ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும், வேட்பாளர்களில் முதலிடம் பெற்றவர்தான் ஜெயித்தவர். டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. ஓரளவுக்காவது பிடித்த வேட்பாளர் ஒருவர் இருந்தால், அவருக்குப் போடுவது நோட்டாவைவிடப் பலன் தரும்.

உண்மையில் வீணாகும் ஓட்டுகள்

*பட்டியலில் இல்லாத பெயர்:* நம் பகுதியில் வாடகை வீடு மாறுவோர் அதிகம். வீடு மாறினால் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீட்டு உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் தகுதி. முகவரிக்கு ஆவணம் இல்லாவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து சரிபார்க்கலாம். ஊரிலும் இங்கும் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது என்பதால் முன்கூட்டியே பாருங்கள். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தாலோ பெயரை நீக்கினாலோ 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். உதவிக்கு 1950 என்ற எண்.

*லீவு கிடைக்காத தொழிலாளி:* மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தொழிற்பேட்டையில் தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். லீவு விட்டுச் சம்பளத்தைப் பிடித்தால் அதுவும் சட்டமீறல். ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

*வேறொருவர் போட்டுவிட்ட ஓட்டு:* பூத்துக்குள் போனதும் “உங்க ஓட்டைப் போட்டாச்சே” என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். அடையாளத்தைக் காட்டித் தலைமை அலுவலரிடம் 49பி (49P) விதியைச் சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று அவர் நம்பினால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தருவார். அதில் போட்ட ஓட்டு தனி உறையில் போகும், எந்திரக் கணக்கில் சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால் எடுப்பார்கள். எத்தனை பேர் இப்படிப் போட்டார்கள் என்று படிவம் 20-இல் தனிக் கட்டமே இருக்கிறது.

*விற்ற ஓட்டு:* ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நின்றுபோயின. “நீ யாருக்குப் போட்டேன்னு எங்களுக்குத் தெரியும்” என்று மிரட்டினால் நம்பாதீர்கள். பூத்துக்கு மொத்தம் எத்தனை என்றுதான் தெரியுமே தவிர, தனி ஆளின் ஓட்டு தெரியாது. யாருக்குப் போட்டீர்கள் என்று நீதிமன்றம்கூட உங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. பணம் கொடுப்பதைப் பார்த்தால் சி-விஜில் செயலியில் படமெடுத்துப் புகார் செய்யலாம்.

முடிவிலேயே முறைகேடு நடந்திருப்பதாகத் தெரிந்தால், அறிவிப்பு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் அந்த உரிமை உண்டு.

பட்டனை அழுத்தும் முன்

மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையில் யார் வேண்டும்? யாராவது வரவே கூடாது என்று நினைக்கிறேனா, அந்த நினைப்பு முதல் ஆசையைவிடப் பெரிதா? இன்று ஜெயிக்காவிட்டாலும் அடுத்த ஐந்தாண்டில் வளர வேண்டிய குரல் எது? மூன்று பதிலும் ஒரே வேட்பாளரைக் காட்டினால் வேலை சுலபம். வெவ்வேறு பக்கம் காட்டினால் எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எதை எடுத்தாலும் அது நேர்மையான முடிவுதான்.

சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பட்டனை அழுத்தியதும் விவிபேட் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரும் சின்னமும் அதில் இருக்கின்றனவா என்று நின்று பாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் அவர் சோதனை ஓட்டுக்கு ஏற்பாடு செய்வார். பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்பதால், பார்த்ததில் உறுதியாக இருந்தால் மட்டும் எழுதிக் கொடுங்கள். சீட்டு சரியாக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. யார் ஜெயிப்பார் என்று கணிப்பதும், ஜெயிக்கிற பக்கம் சாய்வதும் வாக்காளரின் கடமையில் சேர்ந்ததே இல்லை.